கால் முறிவின் கதை: ஒரு கதவிலிருந்து ஒரு கம்பி வரை



இது நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விடுகிறவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

தீபாவளிக்குப் பிறகு நம் வட்டத்திலேயே மூன்று பேருக்குக் கால் முறிவு. ஒரு மாணவரின் மகன் பைக்கில் விழுந்தான். ஒரு மாணவி மாடிப்படியில் சறுக்கினாள். எங்கள் சித்தி, 81 வயது, குளியலறையில் விழுந்துவிட்டார். மூன்று வீட்டிலிருந்தும் எனக்குப் போன் வந்தது. கேட்ட கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: "வெறும் எலும்புதானே சார், அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய வைத்தியம்?"

நான் டாக்டர் இல்லை. 34 வருஷம் வரலாறு நடத்தியவன். ஆனால் இந்தக் கேள்விக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறிந்த எலும்பு பெரும்பாலும் தானாகவே சேரும். இயற்கை அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. கால் முறிந்து உயிரை விட்டவர்களும் காலை இழந்தவர்களும் எலும்பு சேராததால் மட்டும் அப்படி ஆகவில்லை. இரத்தம் போனது, புண்ணில் சீழ் பிடித்தது, கட்டு இறுகியது, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். இந்த நான்கும்தான் அவர்களைக் கொண்டுபோயின. கால் முறிவு வைத்தியத்தின் வரலாறு என்பது இந்த நான்கையும் ஒவ்வொன்றாக மனிதன் அடக்கிய கதை.

காலை மட்டும் ஏன் தனியாகச் சொல்கிறேன்? உடம்பிலேயே பெரிய எலும்பு தொடை எலும்பு. அதைச் சுற்றி வலுவான தசைகள். எலும்பு முறிந்ததும் அந்தத் தசைகள் முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துவிடும். வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாமலே தொடைக்குள் ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் தேங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பின் கதை வேறு. டாக்டர்கள் அதை டிபியா என்பார்கள். உங்கள் காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு. அங்கே சதைப் பாதுகாப்பே இல்லை. அதனால்தான் அது முறிந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. பைக் விபத்துகளில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

கபாடம் என்னும் படுக்கை

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். சுசுருத சம்ஹிதையில் எலும்பு முறிவுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. முறிவை வகைப்படுத்தி, அத்தி, அரசு போன்ற மரங்களின் பட்டையையும் மூங்கிலையும் தப்பையாக வைத்துக் கட்டச் சொல்கிறது. அதில் என்னை நிறுத்திய இடம் இரண்டு.

ஒன்று, கட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது. தளர்வாகக் கட்டினால் முறிந்த இடம் நிலைக்காது. இறுக்கிக் கட்டினால் வீக்கமும் வலியும் சீழும் வரும். ஆகவே நடுத்தரமாகக் கட்டு என்கிறது. கட்டைப் பிரித்து மாற்றக் கணக்கும் தருகிறது. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒரு முறை, மிதமான பருவத்தில் ஐந்து நாளுக்கு ஒரு முறை, வெயில் காலத்தில் மூன்று நாளுக்கு ஒரு முறை. வெயிலில் புண் சீக்கிரம் கெடும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, தொடையோ கீழ்க்காலோ முறிந்தவனைக் கபாட சயனத்தில் கிடத்தச் சொல்வது. கபாடம் என்றால் கதவு. கபாடபுரம் என்று பாடத்தில் படித்தீர்களே, அதே கபாடம்தான். ஒரு பலகையில் ஆளைப் படுக்கவைத்து, ஐந்து முளைகள் அடித்து, கால் அசையாதபடி கட்டிவைப்பது. இந்தக் கதவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து லண்டனில் இன்னொரு கதவு வரப்போகிறது.

லண்டன் சாலையில் ஒரு டாக்டர்

1756 ஜனவரி மாதம். நல்ல குளிர். லண்டனில் பெர்சிவல் பாட் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஓல்ட் கென்ட் சாலையில் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். குதிரை தள்ளிவிட்டது. கால் எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் தூக்க வந்தார்கள். யாரும் தன்னைத் தொடக்கூடாது என்று தடுத்துவிட்டார். குளிரில் தரையில் கிடந்தபடியே பல்லக்கு தூக்குகிறவர்கள் இருவரை வரவழைத்தார். ஒரு கதவை விலைக்கு வாங்கச் சொல்லி, பல்லக்குக் கம்புகளை அந்தக் கதவில் ஆணியடித்துப் பொருத்தச் செய்தார். அதன் பிறகே தன்னை அதில் ஏற்ற விட்டார். அப்படியே படுத்தபடி லண்டன் பாலத்தைக் கடந்து வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் கூடிய சக மருத்துவர்கள் காலை எடுத்துவிடுவதே வழி என்று முடிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் வெளியே வந்த எலும்பு முறிவு என்றால் அதுதான் வழக்கம். சீழ் பிடித்து உயிர் போவதற்கு முன்னால் காலை எடுத்தால் ஆள் பிழைக்கலாம் என்ற கணக்கு. கருவிகளும் தயாராகிவிட்டன. அந்த நேரத்தில் பாட்டுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசான் எட்வர்ட் நோர்ஸ் வந்து சேர்ந்தார். காலைப் பார்த்துவிட்டு, காப்பாற்ற முயலலாம் என்றார். கால் பிழைத்தது. கால் சேரும்வரை படுத்திருந்த நாட்களில் பாட் புத்தகம் எழுதத் தொடங்கினார். பின்னால் முறிவு பற்றியே ஒரு நூல் எழுதினார். புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்கு வரும் புற்றுநோயை 1775-இல் கண்டு சொன்னவரும் இவர்தான்.

குரு சரியான நேரத்தில் வந்ததால் சீடனின் கால் பிழைத்தது என்பது வாத்தியாரான எனக்குப் பிடித்த பகுதி. ஆனால் அதற்கு முன்பே பாதிக் காரியத்தை அந்தக் கதவு முடித்திருந்தது. கண்டபடி தூக்கியிருந்தால் முறிந்த எலும்பின் கூர்முனை தசையையும் இரத்தக் குழாயையும் கிழித்திருக்கும். நோர்ஸ் வந்தபோது காப்பாற்றுவதற்குக் கால் மிஞ்சியிருக்காது.

வண்டிச் சக்கரமும் பதினோரு வயதுப் பையனும்

பாட் பிழைத்தது அதிர்ஷ்டம். அவருக்குப் பிறகு நூறு வருஷம் ஆகியும் மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஒரே முறிவு, தோல் கிழியாமல் இருந்தால் பிழைப்பான், கிழிந்திருந்தால் சாவான் என்ற நிலை. இந்த வித்தியாசம் ஏன் என்று கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் யோசித்தார். கெட்ட காற்றுதான் சீழுக்குக் காரணம் என்று மற்றவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். பொருள்கள் அழுகுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே காரணம் என்று பிரான்சில் லூயி பாஸ்டர் எழுதியதை லிஸ்டர் படித்தார். அப்படியானால் புண்ணுக்குள் கிருமி போகாமல் தடுத்தால் என்ன? கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்படுத்தியதையும் கேள்விப்பட்டிருந்தார்.

1865 ஆகஸ்ட் 12. ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையனைக் கிளாஸ்கோ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் காலில் ஏறி, எலும்பு முறிந்து, புண்ணும் ஆகியிருந்தது. லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் புண்ணில் வைத்து மூடி, தப்பை வைத்துக் கட்டினார். நான்கு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். சீழ் இல்லை, நாற்றமும் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு சேர்ந்து பையன் காலோடு வீடு போனான். இந்த அனுபவங்களை 1867-இல் லான்செட் இதழில் லிஸ்டர் எழுதினார்.

இன்று எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் கை கழுவி, கருவிகளைச் சுத்தப்படுத்திய பிறகே கத்தியைத் தொடுகிறார்கள் என்றால், அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று ஒரு பையனின் முறிந்த காலில் இருக்கிறது.

மாவுக்கட்டும் அதன் ஆபத்தும்

நாம் மாவுக்கட்டு என்கிறோமே, அது 1851-இல் வந்தது. மத்தெய்சென் என்ற டச்சு ராணுவ மருத்துவர், துணியில் பாரிஸ் சாந்துப் பொடியைத் தேய்த்து, நனைத்துச் சுற்றினால் சில நிமிஷத்தில் கல்லாகிவிடும் என்று காட்டினார். கிரிமியப் போரில் ரஷ்ய மருத்துவர் பிரோகோவ் இதுபோன்ற சாந்துக் கட்டை முறிந்த கைகால்களுக்குப் பெரிய அளவில் பயன்படுத்தினார். கட்டிலோடு கிடந்தவர்கள் கட்டோடு எழுந்து நடமாட முடிந்தது.

ஆனால் கெட்டியான கட்டு புது ஆபத்தைக் கொண்டுவந்தது. முறிந்த கால் முதல் இரண்டு மூன்று நாள் வீங்கிக்கொண்டே போகும். வெளியே கட்டு விரியாது. உள்ளே தசைகளைச் சுற்றியிருக்கும் உறையும் விரியாது. அழுத்தம் ஏற ஏற, சிறு இரத்தக் குழாய்கள் நசுங்கி, தசைக்கு இரத்தம் போகாமல் நின்றுவிடும். இறுக்கிய கட்டுக்குப் பிறகு தசை செத்து, கை சுருண்டு மடங்கிப்போவதை 1881-இல் ஜெர்மனியின் ஃபோல்க்மான் விளக்கி எழுதினார். அதற்குக் காரணம் நரம்பு மட்டும் அல்ல, இரத்தம் போகாததே என்று சொன்னார். காலுக்கும் இதே கதைதான். சுசுருதர் காலத்திலேயே எச்சரித்த அதே இறுக்கம்.

இங்கே நம் ஊர்க் கட்டு வைத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருத்தணியைத் தாண்டித் திருப்பதி போகும் வழியில் இருக்கும் புத்தூரின் பெயரைக் கேள்விப்படாதவர் நம் பக்கம் குறைவு. தென்மாவட்டங்களில் முட்டை வெள்ளைக் கருவும் மூங்கில் தப்பையுமாகக் கட்டு போடும் வைத்தியர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். எக்ஸ்ரே வருவதற்கு முன் கைவிரலாலேயே முறிவைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அடுத்து வரப்போகும் பெரிய மருத்துவரே அப்படியொரு கட்டு வைத்தியர் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் தோல் கிழிந்த முறிவுக்கும், கட்டு போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போகிற காலுக்கும் அந்த இடம் சரியான இடம் இல்லை. தசை இரத்தம் இல்லாமல் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் கட்டைப் பிரித்து, தேவைப்பட்டால் தசை உறையைக் கீறி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அதை ஆபரேஷன் தியேட்டரில்தான் செய்ய முடியும்.

கட்டு வைத்தியர் மகனின் இரும்பு வளையம்

லிவர்பூலில் ஈவன் தாமஸ் என்ற கட்டு வைத்தியர் இருந்தார். பட்டம் பெறாதவர் என்று மருத்துவர்கள் அவர்மேல் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். தன் மகனுக்கு அந்த அவமானம் வேண்டாமென்று மருத்துவம் படிக்கவைத்தார். அந்த மகன்தான் ஹ்யூ ஓவன் தாமஸ். குடும்பத் தொழிலின் கைப்பழக்கமும் கல்லூரிப் படிப்பும் ஒன்றுசேர்ந்த மனிதர். துறைமுகத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்தார். முறிந்ததும் நோயுற்றதுமான காலுக்கு முழு ஓய்வு கொடு, இடையில் கலைக்காதே என்பது அவர் கொள்கை. அதற்காக ஒரு கருவி செய்தார். தொடை இடுக்கில் பொருந்தும் ஒரு வளையம், அதிலிருந்து காலின் இரண்டு பக்கமும் கீழே போகும் இரும்புக் கம்பிகள். பாதத்தை இழுத்துக் கம்பியின் முனையில் கட்டினால் கால் நீட்டியபடி அசையாமல் நிற்கும். 1875-இல் அதைப் பற்றி நூலில் எழுதினார். மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1891-இல் அவர் இறந்துபோனார்.

அவரிடம் பயின்றவர் உறவுமுறை மருமகன், ராபர்ட் ஜோன்ஸ். மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டிய காலத்தில், 58 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். விபத்துக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கான மருத்துவப் பொறுப்பு ஜோன்ஸிடம் வந்தது. கால்வாய் ஓரமாக முதலுதவி நிலையங்களும் மூன்று மருத்துவமனைகளும் வைத்து, அடிபட்டவனை உடனே கொண்டுபோக ஏற்பாடு செய்தார். இன்றைய விபத்துச் சிகிச்சை முறைக்கு முன்னோடி என்று இதைச் சொல்வார்கள்.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. தொடையில் குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கிய சிப்பாய்களைத் துப்பாக்கியையே தப்பையாக வைத்துக் கட்டி, குண்டும் குழியுமான பாதையில் தூக்கிப் போனார்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் எலும்பு முனை சதையைக் கிழித்தது. வலியும் இரத்த இழப்புமாக வழியிலேயே உயிர் போயிற்று. போரின் தொடக்கத்தில் இப்படிப்பட்டவர்களில் 100-க்கு 80 பேர் இறந்தார்கள் என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ராணுவ மருத்துவத்துக்கு வந்த ஜோன்ஸ், மாமாவின் இரும்பு வளையத்தை முன்வரிசைக்கே அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தினார். ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டே அதைப் பொருத்தப் பயிற்சி கொடுத்தார்கள். இருட்டிலும் மாட்ட வேண்டுமே! பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே மாட்டினார்கள். 1917-இல் ஆராஸ் போரில் இந்த முறையில் வந்தவர்களில் இறந்தவர்கள் 100-க்கு 16 பேர் அளவுக்குக் குறைந்தார்கள்.

இதில் புது மருந்து எதுவும் இல்லை. ஆன்டிபயாடிக் இன்னும் பிறக்கவே இல்லை. காயம்பட்ட இடத்திலேயே காலை அசையாமல் கட்டியதும், சீக்கிரமாக அறுவை மேசைக்குக் கொண்டுவந்ததும் செய்த வேலை இது. பாட்டின் கதவை ஒவ்வொரு சிப்பாய்க்கும் கொடுத்ததுபோல.

படுக்கை என்னும் எதிரி

உயிர் பிழைத்தாகிவிட்டது. அடுத்த துன்பம் படுக்கை. தொடை எலும்பு சேர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு மல்லாக்கப் படுத்திருக்க வேண்டும். என் அப்பா 1963-இல் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து அப்படித்தான் கிடந்தார். கட்டில் கால்மாட்டில் உயரத்துக்குச் செங்கல் அடுக்கியிருந்ததும், கப்பியில் எடை ஆடிக்கொண்டிருந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தினமும் அம்மா முதுகில் பவுடர் போட்டுத் தேய்ப்பார், படுக்கைப் புண் வராமல் இருக்க. எழுந்து நடந்தபோது முழங்கால் மடங்கவில்லை. அதன் பிறகு அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. விசேஷ வீட்டுப் பந்தியில் அவருக்கு மட்டும் எப்போதும் ஒரு ஸ்டூல் தேட வேண்டியிருக்கும்.

இந்தப் படுக்கையை ஒழித்தவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற ஜெர்மானியர். எலும்பின் நடுவே மஜ்ஜை இருக்கும் குழாய் போன்ற இடைவெளி உண்டல்லவா? அதற்குள் ஒரு நீளக் கம்பியை இறக்கிவிட்டால் முறிந்த இரண்டு பகுதியும் ஊசியில் கோத்ததுபோல நிற்கும் என்று நினைத்தார். 1939-இல் கீல் நகரில் அதைச் செய்து பார்த்தார். மறு ஆண்டு பெர்லினில் மருத்துவர் மாநாட்டில் சொன்னபோது பலரும் நம்ப மறுத்தார்கள். எலும்புக்குள் கம்பியா, மஜ்ஜை என்ன ஆகும் என்று எதிர்த்தார்கள்.

நேச நாடுகளுக்கு இது தெரிய வந்த விதம் விசித்திரமானது. ஜெர்மனியில் போர்க் கைதியாக இருந்து திரும்பிய வீரர்கள் சிலர், தொடை எலும்பு முறிந்து சில வாரங்களிலேயே நடந்ததாகச் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தொடை நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி! 1945-இல் டைம் பத்திரிகை இதைச் செய்தியாகவே வெளியிட்டது. இன்று நாம் சாதாரணமாக "ராடு வைத்திருக்கிறார்கள்" என்கிறோமே, அந்த ராடு இதன் வழித்தோன்றல்தான்.

ராடு வைப்பது சீக்கிரம் நடப்பதற்காக மட்டும் அல்ல. அசையாமல் கிடக்கிற காலில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்றும் உண்டு. முறிந்த பெரிய எலும்பிலிருந்து கொழுப்புத் துளிகள் இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போவது. முறிந்து ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் மூச்சுத் திணறல், உளறல், நெஞ்சில் சிவப்புப் புள்ளிகள் என்று காட்டும். 1873-இலேயே பெர்க்மான் என்ற மருத்துவர் ஒரு நோயாளியிடம் இதைக் கண்டு சொன்னார். எலும்பைச் சீக்கிரம் நிலைநிறுத்தினால் இந்த ஆபத்தும் குறைகிறது என்பது பின்னால் தெரிந்தது.

ஆச்சியும் சித்தியும்

சொந்தங்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

1968-இல் எங்கள் ஆச்சி முற்றத்தில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி, இடுப்போடு சேரும் இடம், முறிந்துவிட்டது. "வயசானவங்க, படுத்தே இருக்கட்டும்" என்றார்கள். நான்கு மாதம் படுத்திருந்தார். முதுகில் புண் வந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. போய்விட்டார். எலும்பு முறிந்து யாராவது சாவார்களா என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆச்சி எலும்பு முறிவால் சாகவில்லை. படுக்கையால் செத்தார்.

அந்த இடத்துக்கு இரத்தம் போகும் வழி மிகக் குறுகலானது. முறிந்தால் பந்துபோன்ற தலைப்பகுதிக்கு இரத்தம் நின்று, சேராமலே போகலாம். அமெரிக்காவில் ஸ்மித்-பீட்டர்சன் என்பவர் மூன்று சிறகுள்ள ஓர் ஆணியை அடித்து அதை நிறுத்த முடியும் என்று 1931-இல் எழுதினார். 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்காக, உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமுமாக நீண்ட நாள் உழைக்கும் செயற்கை மூட்டைச் செய்து வெற்றி கண்டார். இன்று முறிந்த இடத்தைப் பொறுத்து ஆணியோ, பந்தோ, முழு மூட்டோ வைக்கிறார்கள். முடிந்தால் ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன், மறுநாளே எழுப்பி நிற்கவைப்பது. இதுதான் இன்றைய முறை.

சித்தி விழுந்தபோது வீட்டில் பெரிய விவாதம். "இந்த வயசில் கத்தி வைக்கணுமா?" என்று தம்பி கேட்டான். நியாயமான பயம்தான். 81 வயதில் மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. ஆனால் ஆபரேஷன் செய்யாமல் படுக்கவைப்பதில் இருக்கும் ஆபத்து நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது மெதுவாக வருகிறது. ஆச்சியின் கதையைத் தம்பியிடம் சொன்னேன். இரண்டாம் நாள் ஆபரேஷன் நடந்தது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வந்து, குழம்பில் உப்பு அதிகம் என்று மருமகளிடம் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

சேராத எலும்பு

எல்லாம் செய்தும் சில எலும்புகள் சேருவதில்லை. டிபியாவில் இது அதிகம். சீழ் பிடித்துவிட்டால் இன்னும் மோசம். அந்த நிலையில் இருந்த ஒருவரை உலகமே அறியும். வலேரி புருமெல், சோவியத் உயரத் தாண்டல் வீரர். 1963-இல் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். 1965-இல் மாஸ்கோவில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனபோது விபத்து. வலது கால் சிதைந்தது. ஆபரேஷன்மேல் ஆபரேஷனாக மூன்று வருஷம் ஓடியது. எலும்பு சேரவில்லை, சீழும் நிற்கவில்லை.

மேற்கு சைபீரியாவில் கூர்கன் என்ற ஊரில் காவ்ரீல் இலிசாரோவ் என்ற டாக்டர் இருந்தார். போருக்குப் பிறகு சேராத எலும்போடும் ஆறாத புண்ணோடும் வந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். காலைச் சுற்றி வளையங்கள், வளையத்திலிருந்து எலும்புக்குள் ஊடுருவும் மெல்லிய கம்பிகள், வளையங்களை இணைக்கும் திருகுகள் என்று 1950-களில் ஒரு கருவி செய்திருந்தார். அதைக் கொண்டு அவர் கண்டறிந்தது பெரிய உண்மை. எலும்பை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில், அதையும் நான்கு தவணையாக, மெதுவாக விலக்கினால், இடைவெளியில் புது எலும்பு வளரும். அவசரப்பட்டால் வளராது. மாஸ்கோவின் பெரிய மருத்துவர்கள் நீண்ட நாள் அவரைக் கிராமத்து டாக்டர் என்றே ஒதுக்கிவைத்திருந்தார்கள். 1968-இல் புருமெல் அவரிடம் போனார். கால் சேர்ந்தது. பிறகு மறுபடியும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் காலைச் சுற்றி வளையம் மாட்டிய ஆளைப் பார்த்தால், கூர்கனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் கொடுத்த கணக்கு

கடைசியாக, எல்லாக் காலையும் காப்பாற்ற முயல வேண்டுமா? இது மிகக் கடினமான கேள்வி. சிதைந்த காலோடு இரண்டு மூன்று வருஷம் போராடி, சொத்தை விற்று, முடிவில் காலை எடுத்தவர்கள் உண்டு. பிழைக்கக்கூடிய காலை அவசரப்பட்டு எடுத்ததும் உண்டு. இதற்கு ஓர் அளவுகோல் நம் தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரன் குழுவினர், வெளிப்புண்ணோடு முறிந்த டிபியாவுக்கு ஒரு மதிப்பெண் முறையை 2006-இல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை நரம்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண். வயது, சர்க்கரை, அடிபட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று போன்றவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண். 14-ம் அதற்குக் கீழும் என்றால் காலைக் காப்பாற்றலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது. இடையில் இருந்தால் டாக்டரும் குடும்பமும் சேர்ந்து யோசிக்க வேண்டும். இந்தப் பரீட்சையில் மட்டும் மதிப்பெண் குறையக் குறைய மகிழ்ச்சி. பாட்டின் வீட்டில் நோர்ஸ் கண்ணால் பார்த்துச் சொன்ன முடிவுக்கு, 250 வருஷம் கழித்து ஒரு கணக்கு கிடைத்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

வரலாறு நடத்திவிட்டுப் பாடத்தைச் சொல்லாமல் விட்டால் நான் வாத்தியார் இல்லை.

1. சாலையில் கால் முறிந்து கிடப்பவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். வண்டி மோதும் ஆபத்து இல்லாத இடமென்றால் 108 வரும்வரை அசைக்காமல் வையுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் முறிந்த காலை ஒரு பலகையோடோ நல்ல காலோடோ சேர்த்துக் கட்டிவிட்டு, படுத்தபடியே நகர்த்துங்கள். உதவி செய்தவரைச் சட்டம் தொந்தரவு செய்யாது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் திட்டமும் இருக்கிறது.

2. எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். மஞ்சள், காபித்தூள், மண் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, இரத்தம் வந்தால் அழுத்திப் பிடித்து, உடனே மருத்துவமனைக்கு. முறிவு உள்ள காலில் சிறு கீறல் இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

3. மாவுக்கட்டோ வேறு கட்டோ போட்ட பிறகு வலி குறைய வேண்டும். மாறாக ஏறிக்கொண்டே போனால், விரலை மெல்ல மடக்கி நீட்டும்போது உயிர் போகிற வலி வந்தால், விரல் மரத்தாலோ வெளுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாடித்துடிப்பு இருக்கிறதே என்றும் ஏமாறாதீர்கள். நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

4. வீட்டுக்கு வந்த பிறகு திடீரென்று மூச்சு வாங்கினால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், அதுவும் அவசரம்தான்.

5. பெரியவர்கள் இடுப்புப் பக்கம் முறிந்து கிடந்தால் வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆபரேஷன் செய்தால் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்று இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள். அதைவிட முக்கியம், விழாமல் பார்த்துக்கொள்வது. குளியலறையில் ஒரு கைப்பிடியும், இரவில் ஒரு சிறு விளக்கும் பெரிய செலவில்லை.

6. எலும்பு சேரும் காலத்தில் சிகரெட் வேண்டாம். புகைப்பது எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். டாக்டர் நடக்கச் சொன்ன நாளில் நடங்கள், ஊன்றக்கூடாது என்ற நாளில் ஊன்றாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், குறிப்பாக பைக் ஓட்டும் பிள்ளைகளுக்கு. எலும்பு மருத்துவராக இருக்கும் நம் மாணவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். எல்லோரும் நல்ல காலோடு நடமாட வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்